பணப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு என்ன வேண்டும்?

பணத்தைப் பற்றிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளின் நடத்தை மாறுமா? பிரேசில் நாட்டில் 2010 ஆகஸ்டு முதல் 2011 டிசம்பர் வரை இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு மாநிலங்கள், 892 அரசு உயர்நிலைப் பள்ளிகள், ஏறத்தாழ 25,000 மாணவர்கள். எந்தப் பள்ளிக்குப் புதுப் பாடம், எந்தப் பள்ளிக்கு வழக்கமான பாடம் மட்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஆர்வமுள்ள தலைமையாசிரியர், வசதியான பெற்றோர் போன்ற காரணங்கள் முடிவைத் திரித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. புது மருந்தைச் சோதிப்பதற்கும் இதே முறைதான்.

நிதிக் கல்வியைத் தனிப் பாடமாக வைக்காமல், 72 சிறு நிகழ்வுகளாக எழுதிக் கணிதம், போர்த்துகீசிய மொழி, அறிவியல், சமூகவியல் என்று ஏற்கெனவே இருக்கும் வகுப்புகளுக்குள் பொருத்தினார்கள். ஆசிரியருக்குத் தனிக் கையேடு கொடுத்தார்கள். வீட்டு வரவு செலவைப் பெற்றோரோடு உட்கார்ந்து எழுதுவது போன்ற பயிற்சிகளும் இருந்தன.

முடிவில் நடந்த தேர்வில், புதுப் பாடம் படித்தவர்களின் நிதியறிவு கால் பங்கு திட்டவிலக்கம் உயர்ந்திருந்தது. நூறு பேர் உள்ள வரிசையில் நடுவில் நின்ற மாணவர், ஏறக்குறைய பத்துப் பேரைத் தாண்டி முன்னே போனதற்குச் சமம் இது. பள்ளிப் பாடம் ஒன்றுக்கு இது நல்ல முன்னேற்றம். வாங்க நினைக்கும் பொருளுக்காகச் சேமிப்பவர்களின் விகிதமும் 1.4 சதவீதப் புள்ளி கூடியது. பெற்றோர்களின் நிதியறிவும் சேமிப்பும்கூட உயர்ந்தன. வகுப்பறையில் உட்காராத அப்பா அம்மாவுக்கும் பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் அதே ஆய்வில் கவலை தரும் ஒரு விவரமும் இருந்தது. புதுப் பாடம் படித்த பிள்ளைகள் கிரெடிட் கார்டு, தவணை போன்ற விலை உயர்ந்த கடன்களைக் கொஞ்சம் கூடுதலாகவே பயன்படுத்தினார்கள். கடன் என்றால் என்னவென்று தெரிந்ததும் அதைத் தொட்டுப் பார்க்கிற துணிச்சலும் வந்துவிட்டதோ என்று கேட்கத் தோன்றும். அந்த ஆண்டோடு கணக்கை முடித்திருந்தால், இப்படிப்பட்ட பாடமே ஆபத்து என்று யாராவது எழுதியிருப்பார்கள். நல்ல வேளையாக ஆய்வாளர்கள் அங்கே நிறுத்தவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே மாணவர்களின் கடன் விவரங்களைத் திரும்பப் பார்த்தார்கள். படம் தலைகீழாக இருந்தது. பாடம் படித்தவர்கள் விலை உயர்ந்த கடன்களை மற்றவர்களைவிடக் குறைவாக வாங்கியிருந்தார்கள். திருப்பிக் கட்டுவதிலும் குறைவாகவே தவறியிருந்தார்கள். சிறு தொழில் தொடங்கியவர்களும் அவர்களில் கூடுதல்.

பதினாறு வயதுப் பிள்ளையிடம் விதைத்தது இருபத்தைந்து வயதில்தான் முழுசாகத் தெரிகிறது. நிதிக் கல்வியை அளக்க வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் அறிக்கை கேட்கிற எந்த அமைப்பும் இந்தப் பாடத்தின் உண்மையான பலனைப் பார்க்கப் போவதில்லை.

நிதிக் கல்வி பயன் தருமா என்பதிலேயே அறிவுலகம் இரண்டு பட்டுக் கிடந்தது. 2014-இல் டேனியல் ஃபெர்னாண்டஸ், ஜான் லிஞ்ச், ரிச்சர்ட் நெட்மேயர் ஆகிய மூவரும் அதுவரை வந்த 201 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மக்களின் பண நடத்தையில் காணப்படும் வேறுபாடுகளில் வெறும் 0.1 சதவீதத்தைத்தான் நிதிக் கல்வியால் விளக்க முடிகிறது என்று அவர்கள் எழுதியது பலரைத் திடுக்கிட வைத்தது. பல மணி நேரம் நடத்தும் பெரிய பாடங்கள்கூட இருபது மாதங்களில் ஆவியாகிவிடுகின்றன என்றார்கள். கடன் வாங்கப் போகும் நேரத்தில், கடன் வாங்கும் இடத்தில் சொல்லிக் கொடுப்பதே மேல் என்பது அவர்கள் யோசனை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2022-இல், டிம் கைசர், அன்னமரியா லுசார்டி, லூகாஸ் மென்கோஃப், கார்லி அர்பன் நால்வரும் வேறு வழியில் போனார்கள். குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 76 சோதனைகள், 33 நாடுகள், 1,60,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள். முந்தைய கணக்கைவிட மூன்று மடங்குக்குக் குறையாத பலன் தெரிந்தது. அறிவு மட்டும் கூடவில்லை. சேமிப்பு, கடன், வரவு செலவுத் திட்டம் என்று நடத்தையும் மாறியது. கற்றது சில மாதங்களில் வேகமாகக் கரைந்து போவதற்கும் சான்று இல்லை.

பழைய ஆய்வுகளில் பல ஒழுங்கான ஒப்பீடு இல்லாதவை என்பதால், பிந்தைய முடிவையே நான் நம்புகிறேன். ஆனால் 2014 ஆய்வின் எச்சரிக்கையை அப்படியே தூக்கி எறிந்துவிடவும் முடியாது. ‘சேமியுங்கள், சிக்கனமாக இருங்கள்’ என்ற அறிவுரை மட்டும் சொல்லும் பாடம் ஆவியாகத்தான் போகும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆறே மாதத்தில் கல்விக் கடன், முதல் சம்பளம், தவணையில் போன், வண்டி என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கிற பிள்ளைகளுக்குக் கடன் பற்றிய பாடம் நேரத்தோடு வரும் பாடமே. ஓய்வூதியம் பற்றிய பாடம் அப்படி இல்லை. எதை எந்த வகுப்பில் சொல்வது என்பதில் அக்கறை வேண்டும்.

அமெரிக்காவில் கிடைத்த இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஷான் கோல், அன்னா பால்சன், கவுரி சாஸ்திரி மூவரும் அங்கே சில மாநிலங்கள் முன்பு கட்டாயமாக்கிய நிதிப் பாடங்களின் விளைவை ஆராய்ந்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. ஆனால் கூடுதலாகக் கணிதம் படிக்க வைத்த மாநிலங்களில், மாணவர்கள் வளர்ந்த பிறகு கடனை மேலாகச் சமாளித்திருந்தார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்தில், 2007-க்குப் பிறகு ஜார்ஜியா, ஐடஹோ, டெக்சாஸ் மாநிலங்கள் கொண்டுவந்த பாடங்களைக் கார்லி அர்பன் குழு ஆராய்ந்தது. அங்கே இளைஞர்களின் கடன் மதிப்பெண் உயர்ந்தது, தவணை தவறுவது குறைந்தது. முதல் ஆண்டு மாணவர்களைவிட அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களுக்குப் பலன் கூடுதல். சட்டம் முதல் நாளிலிருந்து ஒன்றுதான். ஆண்டுக்கு ஆண்டு தேறியவர்கள் ஆசிரியர்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

விஷயம் ஆசிரியரிடம் வந்து நிற்கிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டி வே, கேரன் ஹோல்டன் இருவரும் 2009-இல் அமெரிக்க ஆசிரியர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மாணவர்கள் நிதிப் பாடம் படிக்க வேண்டும் என்பதைப் பத்தில் ஒன்பது பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வரவு செலவு, கடன், சேமிப்பு, முதலீடு, காப்பீடு என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும், அதை நடத்த நன்றாகத் தகுதி பெற்றிருக்கிறேன் என்று சொன்னவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. தேவை தெரிகிறது, கை வரவில்லை.

இந்தத் தயக்கத்தை எந்த ஊர் ஆசிரியரிடமும் பார்க்கலாம். அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். வேதியியல் ஆசிரியருக்கு வேதியியலில் பட்டம் இருக்கிறது. பணத்தைப் பற்றி யாரும் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. தன் வீட்டுக் கடனின் கணக்கே முழுதாகப் புரியாத ஒருவர், நாற்பது பிள்ளைகள் முன் நின்று கடனைப் பற்றிப் பேச வேண்டும். ‘சார், எந்த ஷேர் வாங்கலாம்?’ என்று ஒரு பையன் கேட்டுவிடுவான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வீட்டில் கடன்காரர்கள் வாசலுக்கு வந்து போகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் தயங்குவதில் வியப்பில்லை.

பெரு நாட்டில் 300 அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்த சோதனையில் மாணவர்களோடு ஆசிரியர்களின் நிதியறிவும் உயர்ந்தது. எனவே ஆசிரியரையும் கற்பவராக வைத்தே திட்டம் தீட்ட வேண்டும். அவருடைய சம்பளச் சீட்டு, பி.எஃப்., வீட்டுக் கடன், வருமான வரி ஆகியவற்றுக்குப் பயன்படாத நிதிப் பயிற்சி, அவர் வழியாக மாணவரை அடைவது சிரமம்.

ஆசிரியர்களுக்காக ஓர் இணையதளம் அமைத்துப் பாடங்களை ஏற்றிவிட்டால் போதுமா என்ற கேள்விக்கும் சோதனை செய்து கிடைத்த விடை இருக்கிறது. கிராபோ ஜாக்சன், அலெக்ஸி மகாரின் இருவரும் வர்ஜீனியா மாநிலத்தின் மூன்று மாவட்டங்களில் நடுநிலை வகுப்புக் கணித ஆசிரியர்களை எடுத்துக்கொண்டு இதைச் செய்தார்கள். ஒரு பிரிவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. இன்னொரு பிரிவுக்கு, இணையத்தில் இருக்கும் தரமான ஆயத்தப் பாடங்களை எடுத்துக்கொள்ள அனுமதி மட்டும். மூன்றாவது பிரிவுக்கு அனுமதியோடு நினைவூட்டும் மின்னஞ்சல், பாடத்தை நடத்துவது பற்றிய இணைய வழி உரையாடல், மற்ற ஆசிரியர்களோடு பேச ஓரிடம் என்று சின்னச் சின்ன ஆதரவுகள்.

ஆதரவும் பெற்ற மூன்றாம் பிரிவின் மாணவர்கள் கணிதத்தில் சுமார் 0.08 திட்டவிலக்கம் முன்னேறினார்கள். நூறு பேர் வரிசையில் மூன்று பேரைத் தாண்டுகிற அளவு. சிறியதாகத் தெரியும். ஆனால் ஆசிரியரை மாற்றாமல், வகுப்பைக் கூட்டாமல், மிகக் குறைந்த செலவில் வந்தது இது. அதைவிட முக்கியமான செய்தி, பலன் யாருக்குப் போனது என்பதில் இருக்கிறது. நடத்துவதில் பின்தங்கியிருந்த ஆசிரியர்களின் வகுப்புகளில்தான் முன்னேற்றம் மிக அதிகம். நல்ல பாடம் ஆயத்தமாகக் கையில் இருந்தபோது, தங்களுக்கு இருந்த குறையை அவர்கள் அதைக்கொண்டு ஈடுகட்டிக்கொண்டார்கள். நிதிப் பாடத்தில் ஏறக்குறைய எல்லா ஆசிரியர்களும் புதியவர்கள் என்பதால், இந்தக் கண்டுபிடிப்பு இங்கே இன்னும் பொருத்தம்.

அப்படியானால் ஆயத்தப் பாடம் எப்படி இருக்க வேண்டும்? நம் ஊருக்குப் பொருந்தும் ஒரு பாடத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம்.

பழைய பைக் வாங்க 60,000 ரூபாய்க் கடன். ‘வருஷத்துக்கு 12 சதவீதம் ஃபிளாட், 24 மாசம்’ என்கிறார் கடன் கொடுப்பவர். கணக்கு எளிது: 60,000-க்கு ஆண்டுக்கு 7,200 வட்டி, இரண்டு ஆண்டுக்கு 14,400. அசலோடு சேர்த்து 74,400. அதை 24-ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,100 ரூபாய். பத்தாம் வகுப்பு மாணவர் எவரும் இதைச் சரிபார்த்து, ‘ஆமாம், 12 சதவீதம்தான்’ என்று சொல்லிவிடுவார்.

இப்போது கரும்பலகையில் மூன்று பத்திகள் போடச் சொல்லுங்கள்: மாதம், அந்த மாதத்து வட்டி, மீதி அசல். 12 சதவீதம் என்றால் மாதம் 1 சதவீதம். முதல் மாதம் 60,000-க்கு வட்டி 600. கட்டிய 3,100-இல் 600 போக 2,500 அசலில் கழிகிறது, மீதி 57,500. இரண்டாவது மாதம் 57,500-க்கு வட்டி 575. இப்படியே வரிசை வரிசையாக இறங்கிப் போனால் 22-ஆவது மாதத்திலேயே கடன் தீர்ந்துவிடும். அந்த மாதம் முழுத் தவணைகூடத் தேவைப்படாது. பிறகு 23-ஆம் தவணையும் 24-ஆம் தவணையும் எதற்கு? இந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை. அட்டவணையைப் போட்ட பிள்ளைகளே கேட்பார்கள்.

அப்போது வட்டி 1 சதவீதமாக இருக்க முடியாது. 2 என்று வைத்து மறுபடியும் போடுங்கள். 24 தவணையும் கட்டி முடித்த பிறகு ஏறக்குறைய 2,200 ரூபாய் பாக்கி நிற்கும். 2 அதிகம், 1 குறைவு. இடையில் ஒவ்வொன்றாகத் தேடினால், 1.8-க்கு வரும்போது கடைசியில் பாக்கி 25 ரூபாய் மட்டுமே நிற்கிறது. அதுதான் விடை. மாதம் 1.8 சதவீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 21.6 சதவீதம்.

12 எப்படி 21.6 ஆனது? ஓராண்டு கட்டியதுமே அசலில் ஏறக்குறைய பாதி திரும்பக் கொடுத்தாகிவிட்டது. மீதி 33,000 சொச்சம்தான். ஆனால் ஃபிளாட் முறையில் இரண்டாம் ஆண்டுக்கும் முழு 60,000-க்கு வட்டி போட்டிருக்கிறார்கள். நம் கையில் இல்லாத பணத்துக்கும் வட்டி கட்டுகிறோம். குறையும் நிலுவைக்கு மட்டும் 12 சதவீதம் போடும் ஒரு வங்கியில் இதே கடனுக்குத் தவணை 2,824 ரூபாய். மொத்த வட்டி 7,786. ஃபிளாட் கடனில் அது 14,400. ஒரே எண்ணைச் சொல்லி விற்ற இரண்டு கடன்களுக்கு இடையே வித்தியாசம் 6,600 ரூபாய்க்கு மேல்.

இதோடு தெருவில் கேட்கும் கணக்கையும் சேர்க்கலாம். ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். காதில் விழும்போது ஒன்று 2, இன்னொன்று 12. விலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இதைப் புரிந்துகொண்ட மாணவர் கடன் வாங்கும் எந்த இடத்திலும் ‘எத்தனை சதவீதம்’ என்பதோடு நிற்க மாட்டார். எதன் மேல், எவ்வளவு காலத்துக்கு என்றும் கேட்பார்.

இதே பாடத்தை ஓர் ஆசிரியர் இணையத்தில் தேடி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதலில் கண்ணில் பட வேண்டியவை நான்கே விவரங்கள்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை நிமிடம், என்னென்ன பொருள் வேண்டும். ‘பத்தாம் வகுப்பு, கணிதம், 40 நிமிடம், கரும்பலகை போதும்.’ அவ்வளவுதான். நிதியறிவின் மேன்மை பற்றிய முன்னுரையும் அமைச்சர்களின் வாழ்த்துரையும் அந்தப் பக்கத்தில் வேண்டாம். 2006-இல் ஜேக்கப் நீல்சன் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, இணையப் பக்கத்தை மக்கள் வரி வரியாகப் படிப்பதில்லை, மேலேயும் இடது ஓரத்திலும் மேய்ந்துவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்தது. அடுத்த பாடவேளைக்கு மணி அடிக்கப் போகும் ஆசிரியர் அதைவிட அவசரமாகத்தான் பார்ப்பார்.

பயிற்சித்தாள் ஒரே தாளில் அடங்க வேண்டும். நகல் எடுக்கும் செலவைப் பல பள்ளிகளில் ஆசிரியரே கையிலிருந்து கொடுக்கிறார். கோப்பு, திருத்திக்கொள்ளக் கூடிய வடிவில் இருக்க வேண்டும். பைக் கடனை ஒருவர் நகைக்கடனாக மாற்ற விரும்புவார், இன்னொருவர் ஆட்டோ கடனாக. போனில் திறக்க வேண்டும், குறைந்த டேட்டாவில் இறங்க வேண்டும்.

விடைக்குறிப்பில்தான் உண்மையான உழைப்பு தேவை. சரியான விடையை மட்டும் போட்டால் அது குறிப்பாகாது. பிள்ளைகள் எங்கே தவறுவார்கள், அந்தத் தவறான விடையின் பின்னால் என்ன எண்ணம் இருக்கிறது, அப்போது என்ன கேட்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். இந்தப் பாடத்தில் ஒரு மாணவர் ‘14,400-ஐ 60,000-ஆல் வகுத்தால் 24 சதவீதம், இரண்டு ஆண்டுக்கு என்பதால் 12, எனவே சரிதான்’ என்று வாதிடுவார். வகுத்ததில் பிழையே இல்லை. பிழை, இரண்டு ஆண்டும் 60,000 கையில் இருந்ததாக எடுத்துக்கொண்டதில். ‘பன்னிரண்டாவது மாதம் அவரிடம் எவ்வளவு கடன் நின்றது?’ என்று கேளுங்கள் என்று ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி வைத்தால் போதும். அப்புறம் அவர் பயப்பட வேண்டியதில்லை.

சங்கடமான கேள்விகளுக்கும் குறிப்பு வேண்டும். ‘அப்போ ஃபைனான்ஸ்காரங்க ஏமாத்துறாங்களா?’ என்று கேட்டால் என்ன சொல்வது? வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது நம் உரிமை என்பதே பதில். ‘எந்த ஷேர் வாங்கலாம்?’ என்பதற்கும் ஆயத்தமான பதில் உண்டு: எந்தக் குறிப்பிட்ட திட்டத்தையும் வகுப்பறையில் பரிந்துரைக்கக் கூடாது. பிள்ளைகளின் வீட்டுக் கடனைப் பற்றி வகுப்பில் கேட்கவும் கூடாது. கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்தே கணக்குப் போட வேண்டும். பிரேசிலில் வீட்டோடு சேர்த்துச் செய்த பயிற்சி நல்ல பலன் தந்தது உண்மை. ஆனால் அதை விரும்பும் மாணவருக்கு மட்டும் என்று வைப்பதே கண்ணியம்.

கூட்டு வட்டிக்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும். மனித மூளை கூட்டலைப் பிடிக்கிற அளவுக்குப் பெருக்கலைப் பிடிப்பதில்லை. மடங்கு மடங்காக வளர்வதை மக்கள் வெகுவாகக் குறைத்தே ஊகிக்கிறார்கள் என்று 1975-இலேயே வாகனார், சகாரியா இருவரும் காட்டினார்கள். இப்படிக் குறைத்து ஊகிப்பவர்கள் கூடுதலாகக் கடன் வாங்குகிறார்கள், குறைவாகச் சேமிக்கிறார்கள் என்று 2009-இல் விக்டர் ஸ்டாங்கோ, ஜொனாதன் சின்மன் கண்டார்கள். 10,000 ரூபாயை 8 சதவீதத்தில் 30 ஆண்டு விட்டால் எவ்வளவு ஆகும் என்று பிள்ளைகளை முதலில் ஊகிக்கச் சொல்ல வேண்டும். தனி வட்டியில் 34,000. கூட்டு வட்டியில் ஒரு லட்சத்தைத் தாண்டும். பிறகு திசையைத் திருப்பி, மாதம் 3.5 சதவீதம் வட்டி போடும் கிரெடிட் கார்டில் 50,000 ரூபாயைக் கட்டாமல் விட்டால் ஓராண்டில் அபராதம் இல்லாமலே 75,000-ஐத் தாண்டுவதைக் காட்ட வேண்டும். ஊகித்த எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை அவரவரே பார்த்தால் அது மனதில் நிற்கும். நேரே சூத்திரம் கொடுத்துவிட்டால் இந்த அதிர்ச்சி கிடைக்காது.

அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்துகாட்டிய அமைப்பு ஒன்று இருக்கிறது. டிம் ரான்செட்டா, ஜெசிகா எண்ட்லிச் இருவரும் 2014-இல் தொடங்கிய ‘நெக்ஸ்ட் ஜென் பர்சனல் ஃபைனான்ஸ்’ என்ற லாப நோக்கற்ற நிறுவனம், ஆசிரியர்களுக்கு முழுப் பாடத்திட்டம், பயிற்சி, வகுப்பறை விளையாட்டுகள் எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. ‘ஸ்டாக்ஸ்’ என்ற விளையாட்டில் மாணவர்கள் இருபது ஆண்டு முதலீட்டை இருபது நிமிடத்தில் அனுபவித்துவிடுகிறார்கள். இந்த இலவசம் முக்கியம். தனி நபர் நிதிப் பாடத்தைப் பள்ளிப் படிப்பு முடிக்கக் கட்டாயமாக்கிய மாநிலங்கள் 2022-இல் 23, 2024-இல் 35. இத்தனை வேகத்தில் சட்டம் வரும்போது, பாடம் எடுக்கத் தெரியாமல் நிற்கும் ஆசிரியருக்குக் கை கொடுக்க யாராவது வேண்டும். அந்த இடத்தில் பொதுநலம் இல்லையென்றால் வியாபாரம் வந்து உட்காரும்.

இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: கடனோ காப்பீடோ ஃபண்டோ விற்கிற நிறுவனம் பள்ளிக்குப் பாடம் எழுதக் கூடாது. அவர்கள் எழுதும் பாடத்தில் பொய் இருக்காது. ஆனால் என்ன இருக்காது என்பதைப் பாருங்கள். சேமிப்பின் அவசியம் இருக்கும். தங்கள் திட்டத்தின் கமிஷன் இருக்காது. கடனைச் சரியான தேதியில் கட்டச் சொல்வார்கள். ஃபிளாட் வட்டியின் உண்மை விலையைக் காட்ட மாட்டார்கள். ஆசிரியர் பயன்படுத்தும் எந்தப் பாடத்தின் கீழும் அதற்குப் பணம் கொடுத்தது யார் என்று எழுதியிருக்க வேண்டும். எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்பதும் வேண்டும். வரி வரம்பும் வட்டி வீதமும் மாறிக்கொண்டே இருப்பவை. மூன்று ஆண்டு பழைய எண்ணைக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியரை மாணவர் போனில் தேடித் திருத்தினால், அதோடு அவர் அந்தப் பாடத்தை விட்டுவிடுவார்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி, செபி, காப்பீட்டு ஆணையம், ஓய்வூதிய ஆணையம் நான்கும் சேர்ந்து அமைத்த தேசிய நிதிக் கல்வி மையம் இருக்கிறது. அது 2019-இல் நடத்திய கணக்கெடுப்பில் நாட்டில் நிதியறிவு பெற்றவர்கள் 27 சதவீதமே. சிபிஎஸ்இ-யோடு சேர்ந்து 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை பயிற்சி நூல்கள் வெளியிட்டிருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நடத்துகிறது. நல்ல தொடக்கம். ஆனால் நூலும் ஒரு முறைப் பயிற்சியும் மட்டும் ஆசிரியரைத் தாங்காது. வர்ஜீனியாவில் மூன்றாம் பிரிவுக்குக் கிடைத்த தொடர் ஆதரவு இங்கே வேண்டும். அது தமிழிலும் வேண்டும். ஏனென்றால் ‘ரெண்டு வட்டி’யும் ஏலச்சீட்டும் வாரத் தவணையும் நகைக்கடனும் தில்லியில் எழுதும் பாடத்தில் வராது.

இதைத் தொடங்க அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கணினி தெரிந்த இளைஞர்களும் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் ஊர் ஊராக இருக்கிறார்கள். நூறு பாடம் எழுத வேண்டாம். ஒரு பாடம் எழுதுங்கள்; பக்கத்தில் இருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க் கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் அனுமதித்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு வந்து, அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள். திருத்தியதை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போங்கள்.